கை எடுத்தால் நிற்கும் வண்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து தலைப்புக் கேட்டார். "இறந்த பிறகு தானாகப் போய்ச் சேரும் கடிதங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு தம்பி?" என்றார். எலக்ட்ரானிக்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

புறநகர் மின்சார ரயிலில் ஓட்டுநர் ஒரு கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே வண்டி ஓட்டுவார். கையை எடுத்தால் பிரேக் விழுந்து வண்டி நின்றுவிடும். 'டெட் மேன்ஸ் ஹேண்டில்' என்று அதற்குப் பெயர். செத்தவன் கைப்பிடி! தூரம் போகிற ரயில் என்ஜின்களில் வேறு ஏற்பாடு உண்டு. சுமார் ஒரு நிமிடம் ஓட்டுநர் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கும், பிறகு பஸ்ஸர் அடிக்கும், அதற்கும் அவர் அசையவில்லை என்றால் வண்டியே தன்னை நிறுத்திக்கொள்ளும். மைக்ரோகண்ட்ரோலர் லேபில் நீங்கள் படிக்கிற வாட்ச்டாக் டைமரும் இதே ஜாதிதான். புரோகிராம் அவ்வப்போது வந்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ரீசெட்.

இதையே மனித வாழ்க்கைக்கும் வைத்துவிட்டார்கள். கூகுள் நிறுவனம் 2013-ல் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. 3, 6, 12 அல்லது 18 மாதம் என்று நீங்கள் ஒரு காலத்தைக் குறித்து வைக்கலாம். அத்தனை காலம் உங்கள் கணக்கில் அசைவே இல்லையென்றால், முதலில் உங்களுக்கே எச்சரிக்கை அனுப்பும். பதில் இல்லாவிட்டால், நீங்கள் முன்கூட்டி எழுதி வைத்த செய்தி, நீங்கள் குறித்த ஆட்களுக்குப் போகும். அதிகபட்சம் 10 பேர். பேஸ்புக் 2015-லும் ஆப்பிள் 2021-லும் கொண்டுவந்தது வேறு வகை. அங்கே நீங்கள் நியமித்த ஆள்தான் முன்வந்து செயல்பட வேண்டும். ஆப்பிளுக்கு இறப்புச் சான்றிதழும் காட்ட வேண்டும். இவை தவிர, வாரம் ஒருமுறை "உயிரோடு இருக்கிறீர்களா?" என்று மெயில் அனுப்பி, பட்டனை அழுத்தச் சொல்லும் சேவைகளும் உண்டு. சில முறை அழுத்தாவிட்டால் ஆசாமி போய்விட்டார் என்று முடிவு கட்டி, அவர் எழுதி வைத்த கடிதங்களை அனுப்பிவிடும். நம்மைப் போன்றவர்கள் சின்னதாக ஒரு சர்வர் எடுத்துத் தாங்களே எழுதிக்கொள்வதும் உண்டு.

எனக்கு இதில் நாட்டம் வந்த காரணம் இங்கே பலருக்கும் தெரிந்தது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் பேட்ச் நண்பன் ஒருவனை இழந்தோம். அவன் வீட்டுக்கு நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். போனின் பூட்டைத் திறக்க முடியவில்லை. இன்சூரன்ஸ், வங்கி, பி.எப். எல்லாம் மெயிலில். மெயிலின் பாஸ்வேர்டு அவனோடு போயிற்று. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து முடிக்க ஏழு மாதம் ஆனது. அவன் மனைவி எங்களிடம் பணத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இதுல எனக்குன்னு ஏதாவது எழுதி வெச்சிருப்பாரா?" என்று கேட்டது. நாங்கள் நான்கு பொறியாளர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் அந்தப் பெண் மாதம் ஒருமுறை அந்தப் போனைச் சார்ஜ் போட்டு வைக்கிறது.

அன்றே நானும் ஒரு ஸ்விட்ச் செய்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன். உட்கார்ந்து வரைபடம் போட்டபோதுதான் சிக்கல் புரிந்தது. எனக்கு ஏ.டி.எச்.டி. உண்டு. 32 வயதில் டாக்டர் உறுதி செய்தார். கவனம் நிலைக்காமை, மறதி, யோசிக்குமுன் செயல்படும் அவசரம் இவை சேர்ந்த, மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு குறைபாடு. புதிதாக யாரோ கிளப்பிவிட்ட சரக்கு அல்ல. 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் ஆற்றியிருக்கிறார். பெரியவர்களுக்கு இது திடீரென்று வருவதில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்று 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சொல்கிறது. அறிவு குறைவு என்றும் அர்த்தமில்லை. செய்ய வேண்டியது என்னவென்று நன்றாகத் தெரியும், செய்ய வேண்டிய நேரத்தில் அது எட்டிப் பார்க்காது, அவ்வளவுதான். மாத்திரை உதவுகிறது. ஆனால் மறதிக்கான மாத்திரையைப் போடுவதற்கும் ஞாபகம் வேண்டுமே! கடவுளின் குசும்பு.

செவ்வாய் கிரகத்தில் 1997-ல் இறங்கிய பாத்ஃபைண்டர் கதை கம்ப்யூட்டர் படிக்கும் தம்பிகளுக்குத் தெரிந்திருக்கும். இறங்கிச் சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. முக்கியமான வேலை ஒன்று, சின்ன வேலை ஒன்று வைத்திருந்த பொருளுக்காகக் காத்து நின்றது. நடுவில் சம்பந்தமில்லாத மூன்றாவது வேலை புகுந்து நேரத்தைத் தின்றது. 'பெரிய வேலை முடியவில்லை, ஏதோ ஆகிவிட்டது' என்று காவல் ஏற்பாடு எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. கருவி பழுதாகவில்லை, காத்துக்கொண்டுதான் இருந்தது! இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது, என் வீட்டு ஞாயிற்றுக்கிழமையை யாரோ எழுதியதுபோல் இருந்தது.

இந்த ஸ்விட்சுகள் எல்லாமே 'பேசாமல் இருப்பவன் இறந்தவன்' என்ற கணக்கின் மேல் நிற்கின்றன. என்னைப் போன்றவன் பேசாமல் இருப்பது வாடிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வார மெயிலைத் தவறவிடும் வாய்ப்பு ஒருவருக்குப் பத்தில் ஒன்று என்றால், தொடர்ந்து மூன்று தவறுவது ஆயிரத்தில் ஒன்று. இரண்டில் ஒன்று என்றால் எட்டில் ஒன்று! அதுவும் ஒவ்வொரு தவறுதலும் தனித்தனி என்று வைத்துக்கொண்டால்தான். உண்மையில் முதல் மெயில் கீழே போய்விட்டால், இரண்டாவதைப் பார்க்கும்போதே "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். இரண்டு மாதத்துக்குள், உயிரோடு இருக்கும் மகனின் கடைசிக் கடிதம் ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் போய்ச் சேரும். எழுபது வயதுக்காரியின் கையில் அந்தக் கடிதத்தை யோசித்துப் பாருங்கள். மெயிலை அடிக்கடி அனுப்பினாலும் பயனில்லை. பார்க்காமலே கட்டைவிரல் அழுத்தப் பழகிவிடும்.

ஆகவே நான் செய்த முதல் மாற்றம், ஆளைக் கேள்வி கேட்பதை நிறுத்தியது. நான் போனைத் திறந்தால் அன்றைக்குச் சர்வருக்கு ஒரு சிக்னல் போகும். நான் எதையும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. சார்ஜ் ஏறுவதையே சிக்னலாக வைப்பது சுலபம். ஆனால் நண்பன் மனைவி மாதம்தோறும் சார்ஜ் போடும் அந்தப் போன் கண்முன் வந்தது. அந்தக் கணக்கில் அவன் இன்னும் உயிரோடு இருப்பான். அதனால் பூட்டைத் திறந்தால்தான் கணக்கு.

பத்து நாள் சிக்னல் இல்லாவிட்டால் கடிதம் போகாது. என் மனைவிக்கும் இங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு நண்பனுக்கும் "ஆள் இருக்கிறானா?" என்று ஓர் எஸ்.எம்.எஸ். போகும். இருவருமே இல்லை என்று சொன்னால்தான் மேற்கொண்டு நகரும். போன் தொலைந்தாலும், நான் மலைக்குப் போனாலும் இருவரில் ஒருவர், "இங்கதான் இருக்கான், சாப்டுட்டு இருக்கான்" என்று முடித்துவிடலாம். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி மாதிரி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆள் போனதும் கார்டு முடக்கப்படும், சர்வர் வாடகை கட்டப்படாது, கடிதம் கிளம்புமுன்பே ஸ்விட்ச் செத்துப்போகும். உயிரோடு இருக்கும் மறதிக்காரனும் வாடகை கட்ட மறப்பான், பலன் ஒன்றுதான். ஆகவே கடிதங்களின் அச்சுப் பிரதி ஒன்று பீரோவில் ஒட்டிய கவரில் இருக்கிறது. மின்னணு வேலை எல்லாம் "அந்தக் கவரைப் பிரி" என்று சொல்வதற்குத்தான்.

இரண்டாவது சிக்கல் அவசரம். எங்களைப் போன்ற பலருக்கு உணர்ச்சி சட்டென்று பொங்கும், அதே வேகத்தில் விரல் 'அனுப்பு' பட்டனுக்குப் போகும். உயிரோடு இருக்கும்வரை அதற்கு வைத்தியம் உண்டு. மறுநாள் ஒரு போன், "நேத்து ஏதோ கோபத்துல…" என்று ஒரு சமாதானம். இறந்தவன் மறுநாள் போன் செய்ய முடியாது. அதனால் எந்தக் கடிதமும் நேராக வரிசையில் சேராதபடி புரோகிராமை எழுதினேன். 30 நாள் கிடப்பில் இருக்கும். பிறகு பகல் நேரத்தில் என்னிடம் திரும்பக் காட்டும். மறுபடி ஒப்புதல் தந்தால்தான் சேரும், தராவிட்டால் அழிந்துவிடும். மறந்துபோனால் அழிவு என்பதுதான் இதில் முக்கியம். என் மறதி இந்த ஓர் இடத்திலாவது எனக்காக வேலை செய்யட்டுமே!

என் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஊர் வீடு சம்பந்தமாக. நான்கு பக்கம், ஓர் இரவில். 30 நாள் கழித்து அது திரும்ப வந்தபோது படித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அப்பா படுத்திருந்த மாதங்களில் யார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் தேதிவாரியாக இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு அண்ணன் யாரிடம் பதில் சொல்வார்? அவர் பக்கத்து நியாயத்தை யார் உட்கார்ந்து கேட்பது? அழித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். திண்ணையில் உட்கார்ந்து நான்கில் இரண்டு பக்கம் பேசி முடித்தோம். மீதி இரண்டு பக்கம் இன்னும் பாக்கி.

கடிதத்தில் என்னதான் இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் சுவாரசியமில்லாத சங்கதிகள். எந்தெந்த வங்கி, பாலிசி எண், பி.எப். எண், கேஸ் இணைப்பு யார் பெயரில், யாரிடம் கைமாற்று வாங்கியது. பாஸ்வேர்டுகளை மெயிலில் வைக்காதீர்கள், கவரில் வையுங்கள். மெயில் உயில் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். 10 ஆண்டு யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேட 2023-ல் 'உத்கம்' என்ற தளம் வந்தது. போனதைத் தேடுவதைவிட எழுதி வைப்பது சுலபம்.

ஒரு வேடிக்கை. நான் இறந்த பிறகு மனைவிக்கு என்று தயாரித்த பட்டியலை மாதாமாதம் திறந்து பார்ப்பது நான்தான். "ஏங்க, அது எனக்குன்னு எழுதினதுதானே?" என்று கேட்கிறாள்.

பட்டியல் பழசாகும், கடிதமும் பழசாகும். நாலு வயது மகளுக்கு எழுதியது பதினாலு வயதுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும், அதைத் தனியாகச் செய்ய என்னால் ஆகாது. பக்கத்தில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை ஓடும் என்பது ஏ.டி.எச்.டி. உள்ள பலரின் அனுபவம். ஹாஸ்டலில் பரீட்சைக்கு முந்தின இரவு, அடுத்த கட்டிலில் ஒருவன் படித்தால் நாமும் படிப்போமே, அதேதான். அந்தச் சாவிக்கார நண்பனும் நானும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உட்கார்ந்து, அவன் கடிதத்தை அவனும் என் கடிதத்தை நானும் திருத்துகிறோம். பேசுவதுகூட இல்லை. இரண்டு மணி நேரம். அந்த நாலு பேரில் மற்ற இருவரும் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறார்கள்.

மதியம் 2 மணிக்குப் பழைய எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருப்பேன். போனில் கூகுள் ஏற்பாட்டைப் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் போதும். தனியாக வராதீர்கள், உங்கள் சாவியை வைத்திருக்கப் போகிறவரையும் அழைத்து வாருங்கள்.