மன்னிப்பும் கல்லறைச் சுவரும்



மகாராஜபுரத்தில் நின்று மன்னிப்பைப் பற்றிப் பேசினால் புதுப்பட்டி நினைவுக்கு வராமல் இருக்காது. வத்திராயிருப்பை ஒட்டிய அந்த ஊரில்தான் ராஜ் கௌதமனும் அவர் தங்கை பாமாவும் பிறந்தார்கள். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' சுடுகாட்டுத் தகராறையும், போலீஸ் அடியையும், கன்னியர் மடத்துக்குள் இருந்த சாதியையும் எழுதியது. அந்தப் புத்தகத்தை முதலில் நம் ஜனங்களே ஏற்கவில்லை. பாமா சில மாதங்கள் ஊருக்குள் வர முடியாமல் இருந்தார். பிறகு அதே ஊர் அவரைப் புரிந்துகொண்டது. உண்மை முதலில் வந்தது, சமாதானம் அதன் பின்னால் வந்தது.

கோயிலில் நமக்குச் சொல்லப்படும் வரிசை வேறு. எத்தனை தடவை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன எழுபது தடவை ஏழு என்ற கணக்கு நமக்கு மனப்பாடம். அது மத்தேயு நற்செய்தியில் 18ஆம் அதிகாரம். அதே அதிகாரத்தில் சற்று முன்னால் இன்னொரு போதனை இருக்கிறது. தப்புச் செய்த சகோதரனிடம் போய் நேரே சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் சாட்சிகளோடு போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் திருச்சபையில் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் நாம் அதிகம் கேட்டதில்லை.

திருச்சபையிலும் சொல்லிப் பார்த்தோம். எறையூரில் சம உரிமை கிடைக்காத தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. அன்று போலீஸ் சுட்டதில் இறந்த இருவரும் வன்னியர் கிறிஸ்தவர்கள். அந்த இரண்டு வீட்டு ஒப்பாரியும் நம்முடைய துக்கம்தான். சாதி எந்தப் பக்கத்து வீட்டையும் விட்டுவைப்பதில்லை.

அப்படியானால் நாம் மன்னிக்க மாட்டோமா? மன்னிப்போம். ஆனால் மன்னிப்பது காயப்பட்டவரின் உரிமை. காயப்படுத்தியவர் அதை நம்மிடம் வரிபோல வசூலிக்க முடியாது.

சக்கேயுவின் கதையைப் பாருங்கள். ஊரே வெறுத்த அந்த வரி வசூலிப்பவன் வீட்டுக்கு இயேசு தாமாகவே போனார். அவன் திருந்தட்டும் என்று வாசலில் காத்திருக்கவில்லை. ஆனால் ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து சொன்ன பிறகுதான், அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார். நாமும் முதலில் போவோம், ஒரே பந்தியில் உட்காருவோம். திருப்பித் தர வேண்டியதை அவர்கள் எழுந்து சொல்ல வேண்டும்.

திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைக்கூடச் சாதியால் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். அப்படிப்பட்ட சுவரை வைத்துக்கொண்டு மன்னிப்பைக் கேட்பவர், சுவருக்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறார்.

வெறுப்பை நம் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்க மாட்டோம். நடந்ததை அவர்களிடமிருந்து மறைக்கவும் மாட்டோம். சகோதரர்களே, பேச வாருங்கள். வரும்போது கையோடு ஒரு கடப்பாரையும் கொண்டு வாருங்கள். சேர்ந்தே இடிப்போம்.