அழாத குழந்தையிடம் முதலில் போங்கள்



விளக்கேந்திய மாது, வெள்ளுடைத் தேவதை என்றெல்லாம் செவிலியர் பட்டமளிப்பு மேடைகளில் பேசுவது வழக்கம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. இன்று செவிலியராகப் பட்டம் பெறும் உங்களில் பலர் வருகிற மழைக்காலத்திலேயே ஏதோ ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நைட் டியூட்டியில் நிற்பீர்கள். முப்பது நாற்பது படுக்கைகள். சளி, பேதி, காய்ச்சல், வலிப்பு. நீங்கள் ஒருவர், மிஞ்சினால் இருவர். அங்கே யாரிடம் முதலில் போவது? அதை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். வீட்டில் அது சரி, வார்டில் தலைகீழ். ஊசி போட்டதற்கு ஊரைக் கூட்டும் குழந்தைக்கு நுரையீரலில் காற்று போகிறது, மூளைக்கு ரத்தம் போகிறது, கோபப்படத் தெம்பும் இருக்கிறது. மூலைக் கட்டிலில் அம்மா தோளில் துவண்டு கிடக்கிறதே, ஊசி குத்தினாலும் முகம் சுளிக்காத குழந்தை, அதனிடம் முதலில் போங்கள்.

போனதும் சட்டையை மெல்லத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு பொய்த்துவிடும். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே அது வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, மூச்சை விடும்போது முனகுகிறதா என்பதையும் அதே நிமிடத்தில் பார்த்துவிடலாம். பல வார்டுகளில் சார்ட்டை எடுத்துப் பார்த்தால் மூச்சுக்கான கட்டத்தில் வரிசையாக 24, 24, 24 என்றிருக்கும். நாற்பது குழந்தைகளும் பேசி வைத்துக்கொண்டு மூச்சு விட்டது போல! எண்ண நேரமில்லையா, கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த ஷிப்டில் வருகிற சிஸ்டர் அதைப் பார்த்தாவது எண்ணுவார்.

பெரியவர்களைப் போல் குழந்தையின் உடல் படிப்படியாகத் தளராது. இதயத் துடிப்பைக் கூட்டி, கைகால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை ஒப்பேற்றிக்கொண்டே இருக்கும். அழுத்தம் இறங்கிவிட்டது என்று கருவி காட்டும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். ஆகவே கருவிக்கு முன்னால் உங்கள் கை போகட்டும். பாதம் சில்லிட்டிருக்கிறதா? விரல் நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆகிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?

டெங்குவில் இந்தக் கேள்விகள் உயிர்க் கேள்விகள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் விடும். வீட்டார் முகம் மலரும், "சுரம் விட்டுடுச்சு சிஸ்டர், எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்பார்கள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது மும்முரமாவது அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் அந்தக் கட்டில்மேல் கண் இருக்கட்டும். விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், காரணமில்லாத சோர்வு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் டாக்டருக்குச் சொல்லுங்கள். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கினால், மேல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அதிர்ச்சி நிலைதான்.

பேதிக்கு வந்த குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்று மக்கள் நினைப்பதில் வியப்பில்லை. நம்மிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறோம். 1971 வங்கதேசப் போரின்போது பனகாவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் நிரப்பிக் குவளையில் கொடுக்க வைத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஊட்டியவர்களில் பலர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். மிதமாக நீர் வற்றிய 10 கிலோ குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் இதே உப்பு-சர்க்கரைக் கரைசல், அதாவது ஓஆர்எஸ், 750 மில்லி வேண்டும். ஐந்து மில்லி ஸ்பூனால் 150 ஸ்பூன். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. இதை அம்மாதான் செய்ய முடியும். பாக்கெட்டை நீட்டிவிட்டு நகராமல், முதல் ஐந்து ஸ்பூனை நீங்களே ஊட்டிக் காட்டுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருந்து. சாவிக்கொத்தோடு ஓடிவரும் பாட்டியைத் திட்ட வேண்டாம். விசிறச் சொல்லுங்கள், போதும்.

அம்மாக்களைப் பற்றி இன்னொன்று. "புள்ள சரியில்ல சிஸ்டர், எப்பவும் போல இல்ல" என்று ஒருத்தி சொன்னால் அதையும் சார்ட்டில் எழுதுங்கள். இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி கிருமித் தொற்று முற்றி இறந்தாள். பெற்றோர் கவலையைச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. அவள் தாய் போராடியதன் விளைவாக, குடும்பத்தாரே வேறு மருத்துவக் குழுவை உடனே வரச் சொல்லிக் கேட்கும் ஏற்பாடு 2024 முதல் அங்குள்ள மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது. நம் வார்டில் அதற்கென்று தனி விதி தேவையில்லை. கேட்கிற சிஸ்டர் ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

கடைசியாக, இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்புவது. "குழந்தை கொஞ்சம் டல்லா இருக்கு சார்" என்றால் "காலையில் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லுங்கள்: "எட்டாம் படுக்கை, ஆறு வயது, டெங்கு ஐந்தாம் நாள், சாயங்காலம் காய்ச்சல் விட்டது. கைகால் சில்லிட்டிருக்கு, நாடி 150, அழுத்தம் 90க்கு 74, ஆறு மணி நேரமா சிறுநீர் இல்லை. நீங்க இப்பவே வந்து பாக்கணும் சார்." கூப்பிட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். அவர் வரவில்லையென்றால் அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிடுங்கள். யார் முகம் சுளித்தாலும் சரி.