மழைக்குப் பின் கண்ட கடற்கரை



கெடிலக் கரையிலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து சென்ற ஐப்பசியில் இருபது பேர் கடலூர் சென்று, தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையைக் கண்டு வந்தோம். அங்கே நாங்கள் கற்ற பாடத்தை உங்களிடம் சொல்வது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

கடலூரில் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் பெய்கிறது. அந்தக் கரை பட்ட துன்பங்கள் பல. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வீசியது. 2015-இல் பெருவெள்ளம் வந்தது. ஆயினும் மழை விட்டால் போதும். ஏழை, செல்வர் என்ற பேதமின்றி மக்கள் அங்கே கூடிவிடுகின்றனர். பொது இடத்தின் பெருமை அதுவே அன்றோ?

நாங்கள் சென்ற அன்று காலைவரை நல்ல மழை. மழை ஓய்ந்ததும் பிள்ளைகள் மணலில் ஓடினர். அலை ஒதுக்கிய வரிசையில் ஆகாயத்தாமரை, வாழை மட்டை, பிளாஸ்டிக் பைகள், உரச்சாக்குத் துண்டுகள் யாவும் கிடந்தன. "பட்டணத்தாருக்குச் சுத்தம் தெரியவில்லையே!" என்றார் எங்களில் ஒருவர்.

அருகில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, இந்த மணலில் யார் உரம் போட்டுப் பயிர் வைக்கிறார்கள்? இது ஆற்றோடு வந்த சாக்கு" என்றார்.

நாங்கள் வாயடைத்து நின்றோம். எங்களோடு வந்த சிறுவன் ஒருவன் காலிக் குப்பி ஒன்றை விளையாட்டாக எடுத்து வந்தான். அது பூச்சிமருந்துக் குப்பி. நாங்கள் எங்கள் வயலில் தெளிக்கும் அதே மருந்து! பதறிப்போய் அதைப் பறித்து, அவன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவினோம்.

கெடிலம் திருவதிகை, திருவந்திபுரம் வழியாக ஓடிக் கடலூரருகே கடலில் கலக்கிறது. வயல் வாய்க்காலில் நாம் எறிவதை மழை வெள்ளம் ஆற்றில் சேர்க்கிறது. ஆறு கடலில் சேர்க்கிறது. கடல் அதைப் பிள்ளைகள் விளையாடும் கரையில் ஒதுக்குகிறது.

ஊர் திரும்பிய பின், ஜனவரி 26 கிராம சபையில் மூன்று காரியங்களைத் தீர்மானித்தோம். முதலாவது, காலி மருந்துக் குப்பியை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, குப்பியில் துளையிட்டு, பஞ்சாயத்தின் பூட்டிய அறையில் சேர்ப்பது. இரண்டாவது, புரட்டாசிக்குள் வாய்க்கால்களைத் தூர் வாரி, எடுத்த குப்பையைக் கரையிலேயே விடாமல் அப்புறப்படுத்துவது. மூன்றாவது, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை உண்டு என்பதையும் கடைக்காரர்களுக்கு நினைவூட்டினோம்.

எல்லாரும் ஒரே நாளில் மாறிவிட்டனர் என்று கூறமாட்டோம். இன்றும் சில குப்பிகள் வரப்பில் கிடக்கின்றன. அவற்றைக் கண்டவர் எடுத்துச் சேர்க்கிறார், அதுவே முன்னேற்றம்.

கடல் நமக்குத் தொலைவு என்று எண்ணாதீர்கள். உங்கள் ஊர் வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதை ஒருமுறை சென்று பாருங்கள். அடுத்த மழைக்கு முன்பே பாருங்கள்.