பிழை திருத்தும் மரபணு



1895ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் ஆன் ஆர்பர் நகரில் தையல் தொழில் செய்து வாழ்ந்த ஒரு பெண்மணி, ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் நோயியல் அறிஞரிடம் தன் அச்சத்தை வெளியிட்டாள். தன் உறவினர் பலரைப் போலத் தானும் புற்றுநோயால்தான் மடிய நேரும் என்றாள். அவள் அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோயால் இளமையிலேயே இறந்தாள். அக்குடும்பத்தின் வரலாற்றை வார்த்தின் 1913இல் வெளியிட்டார். அதன் காரணம் விளங்கவோ மேலும் பல ஆண்டுகள் சென்றன.

அக்காரணத்தைச் சுருங்கக் கூறுகிறேன். நம் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் ஏடு உள்ளது. தாய் தந்த படி ஒன்று. தந்தை தந்த படி ஒன்று. படி ஒன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் இவ்வளவையும் பெயர்த்து எழுதியாக வேண்டும். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது நம் பழமொழி. இங்கும் சிற்சில இடங்களில் பொருந்தா எழுத்து அமர்ந்துவிடுகிறது. அதனைக் கண்டறிந்து, அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதிதாக எழுதச் செய்யும் புரதங்களும் உயிரணுவில் உண்டு. அவற்றுள் ஒன்றை ஆக்கும் மரபணுவே 1993இல் மனிதரிடம் கண்டறியப்பட்ட எம்.எஸ்.எச்.2. இத்திருத்த வேலை நடைபெறும் முறையை விளக்கிய பால் மாட்ரிச், 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர்.

இம்மரபணுவின் இரு படிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருப்பினும், மற்றொன்று வேலையைச் செய்துவிடும். குடலிலோ கருப்பையிலோ ஏதேனும் ஓர் உயிரணுவில் அதுவும் கெடுமாயின், பிழைகள் திருத்துவாரின்றிப் பெருகுகின்றன. நாளடைவில் புற்று தோன்றலாம். இந்நிலைக்கு, 1966 முதல் இத்தகைய குடும்பங்களைப் பற்றி எழுதிவந்த மருத்துவர் ஹென்றி லிஞ்ச் அவர்களின் பெயரே வழங்குகிறது. வார்த்தின் ஆராய்ந்த குடும்பத்திலும் எம்.எஸ்.எச்.2 மரபணுவே பழுதுற்றிருந்தது என்பது 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

ஒன்றை நீங்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். பரம்பரையாக வருவது புற்றுநோயன்று. பிழை திருத்தும் ஆற்றலில் ஒரு குறையே. பெற்றோருள் ஒருவரிடமுள்ள பழுது பிள்ளைக்கு வரும் வாய்ப்புப் பாதிதான். வந்தவர் அனைவரும் நோயுறுவதுமில்லை. பின்லாந்து நாட்டில், இத்தகைய குடும்பத்தாருள் 3 ஆண்டுக்கு ஒருமுறை பெருங்குடலைச் சோதித்துக்கொண்டோரை 15 ஆண்டுகள் கவனித்தனர். சோதித்துக்கொள்ளாதவர்களைவிட அவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளை முன்கூட்டியே அகற்றியதன் பயன் அது.

ஆதலின், ஒரு குடும்பத்தில் பலர், அதுவும் 50 வயதுக்கு முன்னரே, குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டிருப்பின், அதனை விதியென்று மூடி மறைப்பது தகாது. மருத்துவரிடம் மனம்விட்டு உரைப்பதே அறிவுடைமை. உரைத்த அச்செய்தி, அடுத்த தலைமுறையின் உயிரைக் காக்கக்கூடும்.