நம்பிக் கொடுத்த கடன்



பாகாலாவை ஒட்டிய ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மானாவாரி நிலம். நிலக்கடலை விளையும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அங்கே ஒரு பெண்ணுக்குக் கறவை மாடு வாங்க ஆசை. பால் ஊற்றினால் கையில் கொஞ்சம் காசு வரும். மாடு வாங்கப் பணத்துக்கு எங்கே போவாள்?

1980-களில் அவள் வங்கிக்குப் போயிருந்தால் மேலாளர் மூன்று கேள்வி கேட்டிருப்பார். பட்டா இருக்கிறதா? நகை இருக்கிறதா? ஜாமீன் போட ஆள் உண்டா? மூன்றுக்கும் ஒரே பதில்தான். இல்லை. பிறகு வட்டிக்கு விடுபவரிடம் போவாள்.

மேலாளர் கெட்டவர் அல்ல. ஏழைக்குக் கொடுத்தால் பணம் திரும்பாது என்று நம்பினார். அவருக்கு மேலே இருந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். அந்த எண்ணம்தான் விண்ணப்பத் தாளாக, முத்திரையாக, கம்பி போட்ட ஜன்னலாக மாறியது.

அரசு சொன்னதால் சிலருக்கு மானியக் கடன் கிடைத்தது. யாருக்குக் கொடுப்பது, எந்த மாடு வாங்குவது எல்லாம் அதிகாரி முடிவு. வாங்குகிறவளுக்குப் பேச்சே இல்லை. பல கடன்கள் திரும்பவில்லை. "பார்த்தீர்களா, நாங்கள்தான் சொன்னோமே!" என்றார்கள்.

டக்ளஸ் மெக்கிரிகர் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். 1960-இல் ஒரு புத்தகம் எழுதினார். மேலாளர்களில் இரண்டு வகை உண்டு என்றார். மனிதன் சோம்பேறி, விரட்டினால்தான் வேலை செய்வான் என்று நினைப்பவர் ஒரு வகை. பொறுப்பைக் கொடுத்தால் அவனே செய்வான் என்று நினைப்பவர் இன்னொரு வகை. முதல் வகையார் காவல் போடுகிறார். காவல் போட்டதும் ஆட்கள் ஏய்க்கப் பார்க்கிறார்கள். உடனே அவர் இன்னும் காவல் போடுகிறார்.

வங்கிக்கும் இது பொருந்தும்தானே?

வங்காள தேசத்தில் முகமது யூனுஸ் என்ற பேராசிரியர் 1976-இல் சோதித்துப் பார்த்தார். ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 27 டாலர்தான். ஈடு கேட்கவில்லை. பணம் திரும்பி வந்தது. அதிலிருந்து 1983-இல் கிராமீன் வங்கி பிறந்தது. 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் 1992-இல் நபார்டு வங்கி வேறு ஒரு வழியைத் தொடங்கியது. முதலில் 500 குழுக்கள் என்று திட்டமிட்டது. 10 பேர் முதல் 20 பேர் வரை ஒரு குழு. முதலில் கடன் இல்லை, சேமிப்புதான். வாரம் 5 ரூபாயோ 10 ரூபாயோ போடுவார்கள். அந்தப் பணத்தை அவர்களுக்குள்ளேயே கடனாகக் கொடுப்பார்கள். யாருக்கு முதலில்? பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவளுக்கா, மாடு வாங்குபவளுக்கா? வட்டி எவ்வளவு? எல்லாம் குழுவே பேசி முடிவு செய்யும். சில மாதம் இப்படி நடந்த பிறகு, சேமிப்பைப் பார்த்து வங்கி கடன் தரும். ஈடு கிடையாது.

நம்பிக்கை என்றால் கணக்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை. இங்கே கணக்கு இன்னும் கறார். பணப்பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தி வீட்டில் என்று வைத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பணத்தை எண்ணுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

ஆந்திராவில் இது வேகமாகப் பரவியது. அதற்கு முன்னால் நடந்த ஒன்றும் அதற்குக் காரணம். நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஓர் ஊர். அங்கே இரவுப் பள்ளியில் பெண்கள் எழுத்துப் படித்தார்கள். பாடப் புத்தகத்தில் சாராயத்தால் கெட்ட குடும்பத்தின் கதை வந்தது. படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சாராயக் கடையை மூட வைத்தார்கள். ஊர் ஊராகப் போராட்டம் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. படிக்காத பெண்களுக்கு என்ன தெரியும் என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதே நெல்லூரில் 'பொதுபு லட்சுமி' என்ற சேமிப்பு தொடங்கியது. நாளுக்கு ஒரு ரூபாய். தெலுங்கில் பொதுபு என்றால் சிக்கனமாகச் சேமிப்பது.

எல்லாம் நல்லபடியாகவே நடந்ததா? இல்லை. பின்னாளில் தனியார் கடன் கம்பெனிகள் ஊருக்குள் வந்தன. அவர்களும் பெண்களைத்தான் தேடினார்கள். ஈடு கேட்கவில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் பெண்களின் பொறுப்பை நம்பவில்லை. பெண்களின் மானத்தை ஈடாகப் பிடித்தார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. வசூல்காரர் வாசலில் உட்கார்ந்துகொள்வார். ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு கம்பெனிகள் கடன் கொடுத்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கினாள். தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. கம்பெனிகளுக்குத் தவணை வருவது ஏறக்குறைய நின்றுபோனது. பயத்தால் வந்த பணம், பயம் போனதும் வரவில்லை.

குழுக்களுக்குள்ளும் ஒரு குறை உண்டு. தலைவியை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பது முறை. பல குழுக்களில் பத்து வருடமானாலும் ஒருத்தியே தலைவி. வங்கிக்குப் போவது அவள். பாஸ் புத்தகம் அவளிடம். மெல்ல மெல்ல அவளும் பழைய மேலாளர் மாதிரி ஆகிவிடுகிறாள். "இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நான் இல்லாவிட்டால் குழு கலைந்துவிடும்" என்கிறாள். ஏன் மாற்றவில்லை என்று மற்றவர்களைக் கேட்டால், "எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள்தானே அக்கா" என்பார்கள்.

உங்களில் எத்தனை பேர் குழுவில் இருக்கிறீர்கள்? அடுத்த கூட்டத்தில் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். தேதி, போட்டது, எடுத்தது, மீதி என்று நான்கு கட்டங்கள் இருக்கும். மீதியைச் சத்தமாகப் படியுங்கள்.