ஐம்பதாயிரத்துக்குக் கீழே ஓர் எண்

டெங்கு வந்த வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சொல் பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இது ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டெங்குவில் சில நாள் இறங்கி, தானே ஏறிவிடும். சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோயிலோ குறைவு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

கல்லீரல் இறுகிப்போனால் அதற்குள் நுழையும் ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் த்ராம்போபொய்ட்டின் ஹார்மோனைப் பெரும்பாலும் தயாரிப்பதும் கல்லீரல்தான். அதுவும் குறைகிறது.

இந்த நோயாளிகளுக்குத்தான் வயிற்றில் தேங்கிய நீரை எடுப்பது, எண்டோஸ்கோப்பி, பயாப்சி, பல் பிடுங்குவது என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. எண் ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் தட்டணு ஏற்றுவது நெடுநாள் வழக்கம். ரத்த வங்கியில் அந்த இளமஞ்சள் பைகள் ஆட்டும் கருவியில் இரவும் பகலும் அசைந்தபடியே இருக்கும். பொதுவாக ஐந்து நாள்தான் தாங்கும். அவ்வளவு அருமையாகக் கிடைப்பதை ஏற்றினாலும் ஒரு பங்கை மண்ணீரல் எடுத்துக்கொள்கிறது. காய்ச்சலும் ஒவ்வாமையும் வரலாம்.

இப்போது மாத்திரை உண்டு. லுசுட்ரோம்போபாக்கை 2015இல் ஜப்பான் அனுமதித்தது. அதையும் அவாட்ரோம்போபாக்கையும் 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டும் அந்த ஹார்மோன் செய்யும் வேலையைச் செய்கின்றன. அவாட்ரோம்போபாக்கை ஐந்து நாள் சாப்பிட வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பின் ஐந்து முதல் எட்டு நாளுக்குள் சிகிச்சை நடக்க வேண்டும். ஆகவே அவசர அறுவைக்கு இது உதவாது. எச்சரிக்கையும் தேவை: இதே வகையைச் சேர்ந்த எல்ட்ரோம்போபாக்கை இந்த நோயாளிகளிடம் சோதித்தபோது, சிலருக்குக் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் ரத்தம் உறைந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

எண்ணை மட்டும் பார்த்துப் பதறுவதும் சரியல்ல. வயிற்று நீர் எடுப்பது போன்ற, ரத்தக்கசிவு ஆபத்து குறைந்த சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பதே இன்றைய வல்லுநர் வழிகாட்டல். கல்லீரல் நோயில் உறைவதற்கான பொருள்களும் உறைவைத் தடுப்பவையும் சேர்ந்தே குறைகின்றன; தட்டணு எண் ஒன்றை வைத்து ரத்தம் கசியுமா என்று சொல்லிவிட முடியாது.

வீட்டில் கல்லீரல் நோயாளி இருந்தால், சிகிச்சைத் தேதி குறித்த அன்றே தட்டணு எண்ணை டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு ஏற்றத்தான் வேண்டுமா, மாத்திரைக்கு நாள் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். அவரைக் கேட்காமல் வலி மாத்திரையும் பப்பாளி இலைச்சாறும் கொடுக்காதீர்கள்.