நோயைச் சொல்ல ஒரு மொழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் வளர்க்கக் கூடியிருக்கும் இவ்வவையில், கன்னடம் கற்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

1809-ஆம் ஆண்டு பெங்களூரில் ஆங்கிலேயர் தண்டு அமைத்த பின், தமிழர் பெருந்திரளாக இங்கு வந்து குடியேறினர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் கடைத்தெருவுக்குத் தமிழே போதும். ஆனால் நோய் கடைத்தெருவில் வருவதன்று, நள்ளிரவில் வருவது. அவ்வேளை மருத்துவமனையில் இருக்கும் செவிலிக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம்.

என் அன்னையார் ஒருமுறை இரத்த அழுத்தத்திற்கு மருந்து வாங்கச் சென்றார். கொடுத்தவர், ‘அர்த மாத்ரெ’ என்றார். அரை மாத்திரை என்பது பொருள். அன்னையார் செவியில் அது ‘எரடு’, அதாவது இரண்டு, என்று விழுந்தது. இரண்டையும் விழுங்கியவர் மறுநாட் காலை மயங்கி விழுந்தார். நற்பேற்றால் பிழைத்தார். கேட்டதை மீண்டும் கேட்டுத் தெளியாதது எங்கள் பிழையே.

அன்பர்களே! கற்க வேண்டியது மிகுதியன்று. நாம் வலி என்பதைக் கன்னடர் ‘நோவு’ என்பர். அது நம் பழந்தமிழ்ச் சொல்லே. தலைவலி ‘தலெ நோவு’. வயிற்றுவலி ‘ஹொட்டெ நோவு’. மார்வலி ‘எதெ நோவு’. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, அங்கே ஹகரத்தில் தொடங்கும். பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, ஆகவே பல்வலி ‘ஹல்லு நோவு’. காய்ச்சல் ‘ஜ்வர’, இருமல் ‘கெம்மு’, சளி ‘நெகடி’.

‘நின்னெயிந்த ஜ்வர இதெ’ என்றால், நேற்று முதல் காய்ச்சல் இருக்கிறது என்பது பொருள். மூச்சு விடத் துன்பமாயின், ‘உசிராடலு கஷ்ட ஆகுத்திதெ’ என்க. மருந்து வேண்டின், ‘ஔஷதி கொடி’ என்க. ஒவ்வாத மருந்தைக் கண்டால், ‘ஈ ஔஷதி நனகெ ஆகல்ல’ என்று தயங்காது சொல்க.

கேட்பது பாதி, விடையை உணர்வது மறுபாதி. ‘தினக்கெ எஷ்டு சல?’ நாளைக்கு எத்தனை முறை என்று வினவுக. ‘ஊட்டக்கெ முஞ்செ’ என்பது உணவுக்கு முன். ‘ஊட்ட ஆத மேலெ’ என்பது உணவுக்குப் பின். விளங்காவிடில், ‘இன்னொந்து சல ஹேளி’, இன்னொரு முறை சொல்லுங்கள், என்று கேட்பதில் இழுக்கில்லை. அளவைத் தாளில் எழுதித் தரும்படியும் கேட்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். நம் இல்லங்களில் பள்ளி செல்லும் பிள்ளையே மொழிபெயர்ப்பாளன். அவன் வாயிலாகச் சொல்ல நாணி, எத்தனை அன்னையர் தம் நோயை மறைக்கின்றனர்! மறைத்த நோய் முற்றும். தம் நோயைத் தாமே சொல்லும் உரிமை அவர்களுக்கு வேண்டாவா?

வள்ளுவர், மருத்துவத்திற்கு நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்கு உறுப்புக் கூறினார். பிறமொழி நாட்டில் வாழும் நமக்கு, அந்நான்கையும் இணைக்கும் நூல் மொழியே ஆகும்.

அண்டை வீட்டுக் கன்னட அம்மையாரிடம் நாளொன்றுக்கு ஒரு சொல் கேட்டுப் பழகுங்கள். ஒரு திங்களில் முப்பது சொல் கைவரும், நட்பும் வளரும். அதனால் நம் தமிழ் குறையாது; நம் உயிர் காக்கப்படும்.